வழுவும் வழுவமைதியும்: ஈர்ப்பலை உணரிகளில் இரைச்சலின் வரலாறு

ஈர்ப்பலை ஆய்வின் வரலாறு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளைக் கொண்டே சொல்லப்படுகிறது. 1916-இல் ஐன்ஸ்டைன் கணித்தார். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ உணரிகள் இரண்டும் முதன்முதலாக ஓர் அலையைப் பதிவு செய்தன. இடைப்பட்ட ஒரு நூற்றாண்டு வெறும் காத்திருப்பாகவே வாசகர் மனத்தில் பதிகிறது. அக்காலத்தின் பிற்பாதியில் ஆய்வுக்கூடங்களில் நடந்தது என்ன என்று பார்த்தால், அலையைக் காட்டிலும் இரைச்சலே அவர்களின் பொழுதை எடுத்துக்கொண்டது தெரியவரும். இரைச்சலை வகைப்படுத்தினர், அதற்குப் பெயரிட்டனர், அதன் பிறப்பிடத்தைத் தேடி அலைந்தனர். அந்த வரலாறு தமிழில் அதிகம் பேசப்படவில்லை என்பதால் இந்த நீண்ட பதிவு.

என் துறை மொழியியல், இயற்பியலன்று. ஆயினும் இவ்வரலாற்றைப் படிக்கையில், தமிழ் இலக்கண மரபு நெடுங்காலமாகக் கையாண்டுவரும் ஒரு பாகுபாடு வேறோர் உருவில் எதிர்ப்படுகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்துக்கு உரை கண்டோர், வழுவிலிருந்து மொழியைக் காக்க இரு வழிகளைக் கூறுவர். ஒன்று, வழுவை விலக்குதல். மற்றொன்று, வழுவே என அறிந்தும், தக்க காரணம் இருப்பதால் அதை அமைத்துக்கொள்ளுதல். பிந்தையது வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் அது திணைவழு. உவப்பினால் சொன்னார் என்று தெரிந்ததும் வழுவமைதியாகிறது. இதில் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. எந்த வழு, எதனால் வந்தது என்று தெரியாதவரை அதை அமைத்துக்கொள்ள இயலாது; விலக்க மட்டுமே இயலும். ஈர்ப்பலை உணரிகளின் வரலாறு, விலக்கத்திலிருந்து அமைதியை நோக்கி நகர்ந்த வரலாறு என்பதே நான் இங்குச் சொல்ல வருவது.

முதலில் கருவி. லைகோவின் இரு உணரிகள் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டிலும் லூயிசியானா மாநிலத்தின் லிவிங்ஸ்டனிலும் உள்ளன. இடைத்தொலைவு ஏறத்தாழ 3,000 கி.மீ. ஒவ்வொன்றும் 4 கி.மீ. நீளமுள்ள இரு கைகளைக் கொண்ட ஆங்கில 'எல்' வடிவக் கருவி. கைகளின் முனைகளில் தொங்கும் கண்ணாடிகளுக்கிடையே லேசர் ஒளி வெற்றிடத்தில் சென்று மீள்கிறது. ஈர்ப்பலை கடந்தால் ஒரு கை நீண்டு மற்றது சுருங்கும். 2015-இல் பதிவான முதல் அலை உண்டாக்கிய மாற்றம் நீளத்தில் கோடி கோடி கோடியில் ஒரு பங்கு அளவினது. அதாவது ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்மையை உணரும் கருவி மற்ற எல்லாவற்றையும் உணர்ந்துவிடும். தொலைதூரக் கடலலை, காற்று, லாரி, மின்வழங்கலின் ஏற்றத்தாழ்வு, கருவிக்குள்ளேயே சிதறும் ஒளி என யாவும் பதிவாகின்றன.

இவ்விரைச்சலில் இரு வகை உண்டு. எப்போதும் இருந்துகொண்டிருக்கும் அடியோட்டம் ஒன்று. அதன் இயல்பைக் கணித்துவிடலாம். ஆகவே கையாளவும் இயலும். மற்றது, திடீரென எழுந்து ஒரு நொடிக்குள், சில வேளை நொடியின் நூறில் ஒரு பங்குக்குள், அடங்கிவிடும் கணநேர இரைச்சல். ஆய்வாளர் வழக்கில் அதன் பெயர் கிளிட்ச். உண்மையான குறிகையும் இதே போல் எழுந்து அடங்குவதுதான். முதல் அலை நீடித்தது ஏறத்தாழ 0.2 நொடி. எனவே தொல்லை தருவது இரண்டாம் வகையே.

'கிளிட்ச்' என்னும் ஆங்கிலச் சொல்லை யித்திஷ் மொழியின் 'வழுக்குதல்' என்ற பொருளுள்ள சொல்லோடு தொடர்புபடுத்துவர். 1962-இல் விண்வெளி வீரர் ஜான் கிளென், மின்சுற்றில் மின்னழுத்தம் திடீரெனத் துள்ளுவதைக் குறிக்கும் சொல்லாக அதைப் பொதுமக்களுக்கு விளக்கினார். தமிழில் வழுவுதலும் வழுக்குதலும் எவ்வளவு நெருங்கியவை என்று சொல்ல வேண்டியதில்லை. கணினித் தமிழர் மென்பொருள் பிழையை ஏற்கெனவே 'வழு' என்கின்றனர். இப்பதிவிலும் கணநேர இரைச்சலை வழு என்றே குறிக்கிறேன்.

இவ்வரலாற்றின் முதல் அத்தியாயம் ஒரு தோல்வி. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் வேபர் பெரிய அலுமினிய உருளைகளை உணரிகளாக அமைத்தார். ஈர்ப்பலை தட்டினால் உருளை மணிபோல் அதிரும் என்பது கருத்து. ஏறத்தாழ 1,000 கி.மீ. இடைவெளியில், மேரிலாந்திலும் சிக்காகோ அருகே ஆர்கானிலும் இருந்த உருளைகள் ஒரே வேளையில் அதிர்ந்தன என்று 1969-இல் அறிவித்தார். உலகெங்கும் பல குழுக்கள் இதைச் சோதித்தன. எவருக்கும் அது கிடைக்கவில்லை. ராச்செஸ்டர் குழுவின் பதிவுகளோடும் தம் பதிவுகள் ஒத்துப்போவதாக வேபர் கூறியபோது, இரு குழுக்களின் கடிகாரக் கணக்குகளும் நான்கு மணி நேரம் விலகியிருந்தது வெளிப்பட்டது. ஒரே கணத்தில் நிகழாத இரண்டு ஒரே கணத்தில் நிகழ்ந்தவையாகத் தெரிந்திருந்தன. 1974 வாக்கில் அவர் கூற்று நம்பகம் இழந்தது.

வேபரை எள்ளி நகையாடுவது எளிது, பயனற்றது. இரு கருவிகள் ஒத்துச் சொல்ல வேண்டும் என்ற நெறி அவர் தந்தது. தற்செயலாக எத்தனை ஒத்திசைவுகள் நேரும் என்று அறிய, ஒரு கருவியின் பதிவை வேண்டுமென்றே காலத்தில் நகர்த்தி மற்றதோடு ஒப்பிடும் உத்தியையும் அவரே கையாண்டார். இன்றும் லைகோ அதே வழியில்தான் தன் கண்டுபிடிப்புகளின் நம்பகத்தைக் கணக்கிடுகிறது. 2015-இன் முதல் அலைக்கு 16 நாள் தரவை இவ்வாறு மீண்டும் மீண்டும் நகர்த்திப் பார்த்து, இத்தகைய ஒத்திசைவு தற்செயலாக நேர 2,03,000 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று கண்டனர். வேபரிடம் இல்லாமற் போனது, தம் கருவியின் வழுக்களைப் பற்றிய தெளிவான அறிவு.

அக்குறையை உணர்ந்த பணி 1972-இல் வெளிவந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ரெய்னர் வைஸ், அந்நிறுவன ஆய்வுக்கூடமொன்றின் காலாண்டு அறிக்கையில், லேசர் குறுக்கீட்டுமானியால் ஈர்ப்பலையை உணரும் திட்டத்தை எழுதினார். அவ்வறிக்கையின் கனம் அதன் இரைச்சல் பட்டியலில் இருக்கிறது. லேசரின் வீச்சில் வரும் ஏற்றத்தாழ்வு, வெப்பத்தால் பொருள்கள் கொள்ளும் நடுக்கம், நில அதிர்வு, ஒளி கண்ணாடியைத் தள்ளும் அழுத்தம், அண்டக் கதிர், மின்காந்தப் புலங்கள் என ஒவ்வொன்றையும் எடுத்து, அது எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டார். கருவி கட்டப்படுவதற்கு முன்பே அதன் குறைகளுக்கு அகராதி எழுதப்பட்டுவிட்டது. 2017-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் வைஸ் ஒருவர்.

ஆனால் அந்த அகராதியில் இடம்பெற்றவை பெரும்பாலும் அடியோட்ட இரைச்சல்கள். வழுக்களை முன்கூட்டிப் பட்டியலிட முடியாது. அவை கருவி இயங்கத் தொடங்கிய பின்னரே பிறக்கும். 2002 முதல் 2010 வரை இயங்கிய முதல் தலைமுறை லைகோவில் அவை ஏராளமாக வந்தன. அப்போது கைகொடுத்தது முதல் வழி, விலக்குதல். ஒவ்வொரு உணரியிலும் நில அதிர்வுமானி, காந்தமானி, ஒலிவாங்கி எனத் துணைக்கருவிகள் உண்டு. இன்று இவற்றின் பதிவுத் தடங்கள் உணரிக்கு 2,00,000-க்கும் மேல். துணைக்கருவி ஒன்றில் சலனம் தெரிந்த நொடிகளின் தரவை ஒதுக்கிவிடுவர். வழி எளிது; இழப்பும் உண்டு. ஒதுக்கப்பட்ட நொடியில் உண்மையான அலை வந்திருந்தால் அதுவும் போயிற்று.

வழுவையும் குறிகையையும் வடிவத்தால் பிரிக்கும் முயற்சியில் இந்தியரின் பங்கு முதன்மையானது. புணே நகரின் பல்கலைக்கழகங்களுக்கிடை வானியல் மையத்தைச் சேர்ந்த சஞ்சீவ் துரந்தரும் பி. எஸ். சத்தியபிரகாஷும் 1991-இல் வெளியிட்ட கட்டுரை, இரு விண்பொருள்கள் சுழன்று இணையும்போது எழும் அலைக்கு எத்தனை மாதிரி வடிவங்களை வைத்துக்கொண்டு தேட வேண்டும் என்று வகுத்தது. மாதிரியோடு ஒத்தால் அலை என்பது அடிப்படை. சிக்கல் என்னவென்றால், ஓசை மிகப் பெரிதாக இருந்தால் ஒவ்வாத வழுவும் ஒத்ததுபோல் காட்டும். 2005-இல் புரூஸ் ஆலன் இதற்கு ஒரு சோதனையை முறைப்படுத்தினார். மாதிரியை அதிர்வெண் வாரியாகப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் தன் பங்கைத் தந்ததா என்று பார்ப்பது அது. உண்மையான அலை எல்லாத் துண்டிலும் அளவாகப் பங்கு தரும். வழு ஒரே துண்டில் குவிந்து கிடக்கும். 2017-இல் துரந்தரும் உடனாய்வாளரும் இத்தகைய சோதனைகள் அனைத்தையும் ஒரே கணித அமைப்புக்குள் கொண்டுவந்தனர். 2021-இல் அவர் பங்குகொண்ட மற்றொரு ஆய்வு, குறிப்பிட்ட வழு வகையின் வடிவத்தையே உள்வாங்கி அதை இனங்காணும் சோதனையை உருவாக்கியது. பொதுவான வழுவிலிருந்து பெயருள்ள வழுவுக்கு ஆய்வு நகர்ந்திருந்தது என்பதை இது காட்டுகிறது.

அப்பெயர்கள் எப்படி வந்தன? இங்கே மொழியியலார்க்குப் பழக்கமான கருவி ஒன்று நுழைகிறது. 1940-களில் பெல் ஆய்வகத்தினர் பேச்சொலியைப் படமாக்கும் கருவியை உருவாக்கினர். காலம் கிடையாகவும் அதிர்வெண் நெடுக்காகவும் அமைய, ஒலியின் வலிமை கருமையாகத் தெரியும் ஸ்பெக்ட்ரோகிராம் அது. ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் காட்ட இன்றும் வகுப்பறையில் நாம் விரிப்பது அதே படந்தான். 2004-இல் சௌரவ் சட்டர்ஜியும் உடனாய்வாளரும் லைகோ தரவுக்கு ஏற்ற காலம்-அதிர்வெண் பகுப்பு முறையை வெளியிட்டனர். அதன் வழி ஒவ்வொரு வழுவும் ஒரு படமாயிற்று. படமானதும், மனிதக் கண் அதற்குப் பெயர் தேடத் தொடங்கியது.

மேம்பட்ட லைகோ 2015-இல் இயங்கத் தொடங்கிய பின் வழுக்கள் ஆய்வாளர் கைக்கு அடங்காத அளவில் வந்தன. 2016 அக்டோபரில் 'கிராவிட்டி ஸ்பை' என்னும் திட்டம் சூனிவர்ஸ் தளத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எவரும் படங்களைப் பார்த்து வகை பிரிக்கலாம். அவர்கள் பிரித்தவை கணினியின் எந்திரக் கற்றலுக்குப் பாடமாகும். கணினி தடுமாறுபவை மீண்டும் மனிதரிடம் வரும். இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் அமைந்தன. பிளிப், கோய் மீன், சீழ்க்கை, கீறல், சிதறொளி என்பன சில. ஸ்காண்டிநேவிய நாட்டார் கதைகளின் கூர்குல்லாய்க் குள்ளனான டோம்டேயின் பெயரையும் ஒரு வகை பெற்றது. சுருள், இணைப்புறா ஆகிய இரு வகைகளை ஆய்வாளருக்கு முன்பே கண்டு சொன்னவர்கள் தன்னார்வலர்கள்.

நம் இலக்கணம் பெயரை இடுகுறி, காரணம் என இரண்டாகப் பிரிக்கும். மூன்று கால் உடையதால் முக்காலி, அது காரணப்பெயர். இம்மீனும் புறாவும் காரணப்பெயர்களே; வடிவம் காரணம். ஆயினும் பெயருக்கான காரணம் வேறு. பொருளுக்கான காரணம் வேறு. கோய் மீன் என்று அழைத்துவிட்டதால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடவில்லை. சிதறொளி என்னும் பெயரோ பிறப்பிடத்தையே சொல்கிறது. வழுக்களின் பட்டியலில் இவ்விரு வகைப் பெயர்களும் கலந்து கிடக்கின்றன. எது வடிவப் பெயர், எது பிறப்புப் பெயர் என்று பார்த்தாலே, எந்த வழுவை ஆய்வாளர் புரிந்துகொண்டனர், எதை இன்னும் அடையாளம் மட்டும் கண்டுள்ளனர் என்று ஊகித்துவிடலாம்.

பிறப்பிடம் தேடிய கதைகள் துப்பறியும் கதைகள் போன்றவை. 2017 கோடையில் ஹான்ஃபோர்டின் ஒரு கை முனையில் விளங்காத தட்டல்கள் பதிவாயின. ராபர்ட் ஸ்கோஃபீல்டும் உடனிருந்தோரும் சென்று பார்த்தபோது, திரவ நைட்ரஜன் ஆவி வெளியேறும் குழாயில் உறைந்திருந்த பனிக்கட்டியில் அலகின் தடங்கள் இருந்தன. பாலைவன வெயிலில் தாகம் கொண்ட அண்டங்காக்கைகள் பனியைக் கொத்தியிருந்தன. குழாய்க்கு உறை போட்டதும் தொல்லை தீர்ந்தது. லிவிங்ஸ்டனில் அருகிலுள்ள தடத்தில் சரக்கு ரயில் போகும்போது நிலம் அதிர்ந்து, சிதறிய ஒளி வழுவாக வந்து விழும். அரக்கோணம்–ரேணிகுண்டா தடத்தை ஒட்டி வாழும் எங்கள் புத்தூர்க்காரர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டி கண்ணில் படுமுன்பே அது சரக்கா பயணியா என்று நிலத்தின் அதிர்வே சொல்லிவிடும்.

சிதறொளியின் கதை இன்னும் முழுமையானது. கண்ணாடியிலிருந்து சிதறிய ஒளி அசையும் பரப்பொன்றில் பட்டு மீண்டும் முதன்மைக் கற்றையோடு சேர்ந்தால், படத்தில் வில்வில்லாக வளைவுகள் தோன்றும். கடல் கொந்தளிக்கும் நாள்களில் அவை பெருகும். மூன்றாம் நோக்குச் சுற்றில், கண்ணாடியும் அதன் பின்னே தொங்கும் துணை எடையும் ஒன்றுக்கொன்று அசைவதே முதன்மைக் காரணம் எனக் கண்டு, 2020 சனவரியில் துணை எடைத்தொடர் கண்ணாடியின் அசைவைப் பின்தொடருமாறு கட்டுப்பாட்டை மாற்றினர். வளைவுகள் பெரிதும் குறைந்தன. இதை விளக்கிய 2021-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதலாசிரியர் சித்தார்த் சோனி. இதற்கு நேர்மாறானது பிளிப். நொடியின் நூறில் சில பங்கே நீடிக்கும் அது, கனமான கருந்துளைகள் இணையும் குறிகையை அப்படியே ஒத்திருக்கும். சிறு பகுதி காற்றின் ஈரப்பதத்தோடும் கணினிப் பிழையோடும் தொடர்புடையது எனத் தெரிந்துள்ளது. பெரும்பகுதிக்குப் பெயர் உண்டு, பிறப்பிடம் இல்லை.

இப்போது வழுவமைதிக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த அலை ஏறத்தாழ 100 நொடிகள் பூமியைக் கடந்தது. தானியங்கித் தேடல் ஹான்ஃபோர்டில் மட்டுமே அதைக் கண்டது. லிவிங்ஸ்டனில், இணைவுக்கு 1.1 நொடி முன்பு பெரிய வழு ஒன்று குறுக்கிட்டிருந்தது. பழைய நெறிப்படி கணினி அப்பகுதியை விலக்கியிருந்தது. மனிதர் படத்தைத் திறந்து பார்த்தபோது, வழுவின் கீழே மேனோக்கி வளையும் குறிகையின் கோடு தெளிவாகத் தெரிந்தது. லிவிங்ஸ்டன் தரவு இல்லையேல் வானில் எங்கே பார்ப்பது என்று சொல்லியிருக்க இயலாது. முதலில் அந்தச் சிறு துண்டை மட்டும் மறைத்துத் திசையைக் கணித்தனர். பின்னர் வழுவின் வடிவத்தையே கணித மாதிரியாக்கித் தரவிலிருந்து கழித்தனர். சில மணி நேரத்தில் தொலைநோக்கிகள் என்ஜிசி 4993 என்னும் விண்மீன் மண்டலத்தில் அதன் ஒளியைக் கண்டுபிடித்தன. ஈர்ப்பலையும் ஒளியும் சேர்ந்து அறியப்பட்ட முதல் நிகழ்வு அது. வழுவை அறிந்து அமைத்துக்கொண்டதால் வாய்த்தது.

அமைதிக்கும் எல்லை உண்டு. 2020 சனவரி 29-இல் பதிவான அலையில் கருந்துளைகளின் சுழல்அச்சு தள்ளாடுவதற்கான சான்று இருப்பதாகக் கருதப்பட்டது. அதே வேளையில் லிவிங்ஸ்டன் தரவில் ஒரு வழுவும் இருந்தது. வழுவை எவ்வாறு கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து அச்சான்று வலுக்கவும் மெலியவும் செய்கிறது என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. உரையாசிரியர் அமைதி கூறும்போது பாடத்தையே மாற்றிவிடும் அபாயம் நமக்குத் தெரியாததன்று.

ஒரு துறையின் வழு மற்றொரு துறையின் தரவாக இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் அலை வந்த அதே நொடியில் ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோ மீது ஏறத்தாழ 500 கிலோஆம்பியர் மின்னோட்டமுள்ள பெருமின்னல் ஒன்று பதிவாகியிருந்தது. அது காரணமாகாது என்று காந்தமானிகளைக் கொண்டு நிறுவிய பிறகே அறிவிப்பு வந்தது. லைகோவுக்கு மின்னல் விலக்கப்பட வேண்டிய ஐயம். திருப்பதி–சித்தூர் சாலையில், எங்கள் புத்தூரிலிருந்து எட்டிவிடும் தொலைவிலுள்ள காதங்கியின் தேசிய வளிமண்டல ஆய்வகத்துக்கோ இடிமழை ஆய்வுப்பொருள். 1,024 ஆன்டெனாக்களை 130 மீட்டர் சதுரப் பரப்பில் நிறுத்தி, 53 மெகாஹெர்ட்ஸில் வானை நோக்கும் அங்குள்ள ரேடார், காற்றின் நுண்ணிய கலக்கத்திலிருந்து மீளும் மிக மெல்லிய எதிரொலியைப் பிடிக்கிறது. காற்றை அளப்பவர்க்கு விண்கல் தடத்தின் எதிரொலி களைய வேண்டிய இடையூறு. விண்கல் ஆய்வாளர்க்கு அதுவே அறுவடை. புத்தூர் வட்டாரத் தமிழையும் இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தெலுங்கோடு உறவாடிய அதன் வடிவங்கள் பாடநூலுக்கு வழு. கிளைமொழி ஆய்வுக்கு அவையே முதன்மைச் சான்று.

இவையெல்லாம் இன்று நமக்கு ஏன் வேண்டும்? மகாராட்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், அவுண்டா அருகே, லைகோ-இந்தியா அமைய 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. கருவியின் வடிவமைப்பு அமெரிக்காவினுடையது; வழுக்கள் மட்டும் முற்றிலும் உள்ளூராக இருக்கும். தக்காணத்து இடி, பருவமழை, அக்கம்பக்கத்து வயல்வேலை, நம் மின்வழங்கல் ஆகியவை உண்டாக்கும் வடிவங்கள் ஹான்ஃபோர்டின் பட்டியலில் இருக்கப் போவதில்லை. அங்குக் கற்ற கணினி இங்கே புதிய வழுவைப் பழைய பெயருக்குள் திணிக்கவே முயலும். புதியது புதியது என்று சொல்ல மனிதக் கண் வேண்டும்; பெயரிட மொழி வேண்டும்; பெயரோடு நின்றுவிடாமல் பிறப்பிடம் தேடும் பொறுமை வேண்டும். முக்கியக் கண்டுபிடிப்புக் கட்டுரைகளில் பெயர்கள் ஆயிரத்தைத் தாண்டும். இரவெல்லாம் வழு பிரித்தவரின் உழைப்பு அதில் ஒரு வரியாகக்கூடத் தெரியாது. ஆயினும் அவ்வுழைப்பு இல்லாமல் எந்தக் குறிகையையும் நம்ப இயலாது என்பதை வேபரின் கதை காட்டிவிட்டது.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு சொல்: லைகோவின் தரவு பொதுவில் கிடைக்கிறது, பகுப்பாய்வு மென்பொருள்களும் கிடைக்கின்றன. ஆய்வுத் தலைப்பாகக் குறிகையை எடுப்போர் பலர்; வழுவை எடுப்போர் சிலர். மொழியியல், தமிழ் மாணவர்களுக்கு: கிராவிட்டி ஸ்பையில் படங்களைப் பிரிக்க இயற்பியல் பட்டம் தேவையில்லை. ஸ்பெக்ட்ரோகிராம் படித்துப் பழகிய கண் உங்களிடம் இருக்கிறது. நூறு படங்களைப் பிரித்துவிட்டு, கிளவியாக்க உரைகளை மீண்டும் எடுத்துப் படியுங்கள். உங்களுக்குத் தோன்றுவதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள், விவாதிக்கலாம்.